போயா நிலவும் பொன்னையாவும்

பொன்னையாவின் காலில் சக்கரம் கட்டியிருக்கிறது என்று எங்கள் லயத்து வரிசை வீடுகளில் எல்லாரும் சொல்வார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. சக்கரம் என்றால் ஏதாவது ஒரு பக்கமாகப் போகும். இந்த மனுசன் நின்ற இடத்தில் நின்றுகொண்டே எட்டுத் திக்கும் போவார். பிளேன்டீயை நின்றபடி குடிப்பார். சோற்றுக்கு நடுவில் எழுந்து வாசலுக்குப் போய், ரோட்டில் யார் வருகிறார்கள் என்று பார்த்துவிட்டு வந்து மறுபடி தட்டில் கை வைப்பார். கோயிலில் பூசாரி தீபம் காட்டி முடிக்கும் முன்பே திருநீற்றுக்குக் கையை நீட்டுவார்.

நான் வீரம்மா. கொட்டகலைப் பக்கத்தில் எங்கள் தேயிலைத் தோட்டம். அங்கே பிள்ளைக்காம்பராவில் எனக்கு வேலை. தாய்மார் கொழுந்து பறிக்க மலைக்குப் போனதும் அவர்களுடைய கைக்குழந்தைகளை அந்தி வரை பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. பொன்னையா எனக்கு அடுத்த வீட்டுக்காரர். லயத்தில் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒற்றைச் சுவர்தான், அதுவும் கூரை வரை எட்டாது. அவர் வீட்டில் மிளகாய் வறுத்தால் எனக்குத் தும்மல் வரும். அதனால் அவரைப் பற்றிப் பேச என்னைவிட்டால் வேறு ஆள் கிடையாது.

தொண்ணூறுகளில் இளவட்டமாக இருந்தபோது கொழும்புக்கு ஓடிப்போய் ஒரு சாப்பாட்டுக் கடையில் ரொட்டி தட்டினார். அந்தக் காலத்தில் கொழும்பில் தமிழ்ப் பையன் என்றால் மூலைக்கு மூலை அடையாள அட்டை கேட்பார்கள். ஒரு சுற்றிவளைப்பில் இவரையும் பொலிஸ் பிடித்துக்கொண்டு போய் உள்ளே வைத்தார்கள். விட்டதும் நேரே ரயிலேறி ஊருக்கு வந்துவிட்டார். பிறகு எங்கள் ஃபேக்டரியில், கொழுந்தைச் சுருட்டுகிற மெஷினில் வேலை கிடைத்தது. அந்த மெஷின் ஓயாமல் சுற்றும். பக்கத்தில் இவரும் சுற்றிக்கொண்டிருப்பார். இரண்டுக்கும் நல்ல ஒற்றுமை.

பெண்டாட்டி நாகலெட்சுமி கொத்மலைப் பக்கத்துப் பெண். பத்து வார்த்தை கேட்டால் ஒரு வார்த்தை பதில் சொல்வாள், அந்த ஒன்றும் உருப்படியாக இருக்கும். கல்யாணமாகி ரொம்ப நாள் கழித்துத்தான் தனுஜா பிறந்தாள். பிள்ளைப்பேற்று லீவு முடிந்து நாகலெட்சுமி மலைக்குப் போனபோது, தனுஜா என் கைக்கு வந்தாள்.

எங்கள் மலையில் தினமும் மூன்று நிறுவை. காலையில் ஒன்று, பகலில் ஒன்று, அந்தியில் ஒன்று. பறித்த கொழுந்தை மடுவக் கொட்டகையில் நிறுத்துக் கொட்டியதும், பால்கொடுக்கிற தாய்மார் ஓட்டமும் நடையுமாக என்னிடம் வருவார்கள். நாகலெட்சுமி எப்போதும் முதல் ஆளாக வருவாள். அப்படி ஒரு நாள் ஏறி வரும்போதுதான் பாதையிலேயே விழுந்து கை கால் இழுத்துக்கொண்டது. 2007ஆம் வருஷம். தனுஜாவுக்கு அப்போது ஏழு மாதம் இருக்கும்.

பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். தலையைப் படம் பிடித்துப் பார்த்துவிட்டு, இது வலிப்பு நோய், மாத்திரையிலேயே அடங்கும் என்றார் டொக்டர். அவர் சிங்களத்தில் சொன்னதை ஒரு அட்டெண்டன்ட் தமிழில் சொன்னார். மூன்று வேளை மாத்திரை, விடவே கூடாது, மலையில் ஏறி இறங்குகிற பெண், எங்கேயாவது விழுந்துவிட்டால் உயிருக்கே ஆபத்து. நாகலெட்சுமி எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். மாத்திரைப் பையை மடியில் முடிந்துகொண்டு மறுநாளே வேலைக்கும் வந்தாள்.

அதன் பிறகு மலையில் அவள் விழவில்லை. வாரம் முழுக்க நன்றாக இருந்தாள். ஞாயிற்றுக்கிழமையில்கூட மற்றவர்களோடு கைக்காசுக்குக் கொழுந்தெடுக்கப் போனாள். ஆனால் அந்த மாதப் போயா அன்று, எல்லாரும் வீட்டில் இருக்கும்போது, பொழுது சாய்கிற நேரத்தில் வாசலில் விழுந்தாள். சரி, ஏதோ ஒரு தடவை என்று இருந்தோம். அடுத்த போயாவுக்கும் அதே அந்தி நேரத்தில் விழுந்தாள்.

போயா என்றால் முழு நிலா நாள், நாடு முழுக்க லீவு. எங்கள் தோட்டத்திலும் அன்றைக்கு மட்டும்தான் மலை வேலையில்லாமல் மூடிக் கிடக்கும். மலை முகட்டில் நிலா எழுந்து வருகிற நேரத்தில் ஒரு பெண் வாயில் நுரை தள்ளி விழுந்தால் லயம் என்ன பேசும்? நிலவு பிடித்துவிட்டது என்றார்கள். கொத்மலை அணையில் விழுந்து செத்த எவளோ ஒருத்தி இவள்மேல் ஏறிக்கொண்டாள் என்றார்கள். எனக்கு இந்தப் பேய்ப் பேச்செல்லாம் பிடிக்காது. இருந்தாலும் மாதத்தில் மற்ற நாளெல்லாம் விட்டுவிட்டு முழு நிலாவன்று மட்டும் வருகிறதே என்று நினைத்தபோது எனக்கும் உடம்பு சிலிர்த்தது.

பொன்னையாவின் அம்மா காளியாயி பொகவந்தலாவையில் மூத்த மகனோடு இருந்தாள். கேள்விப்பட்டு பஸ் ஏறி வந்துவிட்டாள். குரல் பெரிது, கையும் பெரிது, பேத்திமேல் உயிர். வந்த அன்றே சொல்லிவிட்டாள்.

"டேய் பொன்னையா, அடுத்த போயாவுக்கும் இவளுக்கு வந்துச்சுன்னா, புள்ளய நான் தூக்கிட்டுப் போயிருவேன். அடுப்பு ஒரு பக்கம், சுடுதண்ணி ஒரு பக்கம், மடியில பச்சப்புள்ள. இவ விழுந்து புள்ளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா யாருடா பதில் சொல்றது?"

அவளைக் கெட்டவள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. நாகலெட்சுமி பிள்ளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அன்றிலிருந்து பொன்னையா நிலைகொள்ளாமல் அலைந்தார். அதற்கு முன்பும் அலைந்தவர்தான், ஆனால் இது வேறு. பூசாரியைக் கேட்டார். பஸ் கண்டக்டரைக் கேட்டார். ஃபேக்டரியில் டீமேக்கரைக் கேட்டார். ஆளுக்கு ஒரு வைத்தியம் சொன்னார்கள், எல்லாவற்றுக்கும் "ஆமாங்க, ஆமாங்க" என்றார். கடைசியில் யாரோ, ஹட்டனில் நெட் பார்க்கிற கடை வந்திருக்கிறது, அதில் உலகத்தில் உள்ள எல்லா வியாதிக்கும் மருந்து இருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள். நானும் ஹட்டனுக்குப் போக வேண்டியிருந்தது. அவரோடு பஸ்ஸில் போய், அந்தக் கடைக்குள்ளும் நுழைந்தேன். அவரைத் தனியாக விட எனக்கு மனசில்லை.

கடை வைத்திருந்தவர் றமணன் என்ற யாழ்ப்பாணத்துத் தம்பி. டெலிபோன் பேச ஒரு பக்கம் பெட்டி, போட்டோ கொப்பி எடுக்க ஒரு மெஷின், மூன்று கம்ப்யூட்டர். பொன்னையா நாற்காலியில் உட்காரவில்லை, அந்தத் தம்பியின் தோளுக்குப் பின்னால் நின்று ஆடிக்கொண்டிருந்தார்.

"தம்பி, போயா அன்னைக்கு வர்ற வலிப்புன்னு போடுங்க. நெலாவையும் போடுங்க."

முதலில் வந்த பக்கத்தில் எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாக இருந்தது. றமணன் என்னமோ தட்டியதும் தமிழாக மாறியது. பெரிய நிலா ஒன்று, அதன் கீழே தலைவிரித்த பெண். முழு நிலவின் ஒளி மூளை நரம்பைத் தூண்டி வலிப்பை உண்டாக்குகிறது, நிலா ஒளி படாமல் நோயாளியை இருட்டறையில் வைக்க வேண்டும், எங்கள் மூலிகைக் கயிற்றை இடுப்பில் கட்டினால் ஆறு வாரத்தில் பூரண குணம். பொன்னையா எழுத்துக்கூட்டி வாசிக்க வாசிக்க அவர் முகம் மலர்ந்தது. தன் பெண்டாட்டியைப் பக்கத்தில் இருந்து பார்த்தே எழுதியதுபோல அவருக்குப் பட்டிருக்கிறது.

"பாத்தீங்களாக்கா? உள்ளபடி போட்டிருக்கான்!"

றமணன் தலையைச் சொறிந்தார். "அண்ணை, இதை ஆர் எழுதினதெண்டு ஒரு பேரும் இல்லை. கடைசியிலே கயிறு விக்கினம். சாமான் விக்கிற ஆக்கள் சொல்லுற நோய்க் கதையை நம்பாதேங்கோ. பொறுங்கோ, இன்னொண்டு காட்டுறன்."

அடுத்த பக்கத்தில் படமே இல்லை. ஆஸ்பத்திரி டொக்டர்கள் சேர்ந்து எழுதியது, அவர்களுடைய பேரும் எந்த வருஷம் திருத்தினார்கள் என்பதும் கீழே இருந்தன. முழு நிலவால் வலிப்பு வரும் என்பதற்கு உறுதியான ஆதாரம் கிடையாது என்று போட்டிருந்தது. மருந்து எடுத்தும் வலிப்பு வந்தால், முதலில் மருந்து தவறியதா என்று பாருங்கள், உங்கள் டொக்டரிடம் சொல்லுங்கள். அவ்வளவுதான்.

"இதுல ஒண்ணுமே இல்லியே தம்பி," என்றார் பொன்னையா. "அவ மூணு வேளையும் ஒழுங்காத்தான் மாத்திரை போடுறா. இவனுங்களுக்கு நெலாவப் பத்தித் தெரியல."

றமணன் இரண்டையும் அச்சடித்துக் கொடுத்தார். பொன்னையா நிலாப் படம் போட்ட தாளைப் பத்திரமாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். மற்றதை என்னிடம் கொடுத்தார். நான் அதில் வெற்றிலையைச் சுற்றிக்கொண்டு வந்தேன்.

அடுத்த போயா வந்தது. கயிறு இந்தியாவிலிருந்து வர வேண்டும், வரவில்லை. ஆனால் இருட்டறைக்குக் காசு வேண்டாமே. பொன்னையா காலையிலேயே ஜன்னலுக்குப் பலகை அடித்தார். கதவிடுக்கில் சாக்கைச் செருகினார். கூரை ஓட்டை வழியாக வெளிச்சம் வருகிறது என்று ஏறி அதையும் அடைத்தார். அன்றைக்கு அவர் சுத்தியலோடு ஓடியாடித் திரிந்ததைப் பார்த்து எனக்கே மூச்சு வாங்கியது. நாகலெட்சுமி பிள்ளையோடு உள்ளே இருந்தாள். ஒரு மனுசி பகல் முழுக்க அடைபட்டுக் கிடந்தாள், அதைத் தப்பு என்று எங்களில் ஒருவருக்கும் சொல்லத் தோன்றவில்லை.

பொழுது சாய்ந்தது. நிலா இன்னும் எழவே இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் தகரம் உருளுகிற சத்தமும் தனுஜாவின் அலறலும் கேட்டன. சாக்கைப் பிய்த்துக்கொண்டு உள்ளே போனோம். நாகலெட்சுமி தரையில் துடித்துக்கொண்டிருந்தாள். பிள்ளை மடியிலிருந்து உருண்டு அடுப்புக் கல்லை ஒட்டிக் கிடந்தது. முடியில் சாம்பல். நல்லவேளை, அடுப்பு அணைந்திருந்தது.

மறுநாள் முதல் பஸ்ஸில் காளியாயி தனுஜாவைத் தூக்கிக்கொண்டு பொகவந்தலாவைக்குப் போய்விட்டாள். நாகலெட்சுமி தடுக்கவில்லை. "கொண்டு போங்க அத்தை, நானே கொன்னுருவேன்போல இருக்கு," என்றாள். அவள் வாயிலிருந்து அவ்வளவு நீளமாக ஒரு பேச்சு வந்ததை நான் அன்றுதான் கேட்டேன்.

அவள் வேலைக்கு வருவதை நிறுத்தவில்லை. பகல் நிறுவை முடிந்ததும் பழக்கத்தில் ஓடி ஓடி என் காம்பராவுக்கு ஏறி வருவாள். வாசல் வரைக்கும் வந்து, உள்ளே தொட்டில்களைப் பார்த்த பிறகுதான் நினைவு வரும். பால் கட்டிக்கொண்டு ரவிக்கை நனைந்திருக்கும். "சும்மா வந்தேன்க்கா," என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போவாள். ஒரு தடவை இல்லை, அந்த வாரம் முழுக்க இப்படித்தான். யாரைத் திட்டுவது என்று தெரியாமல் பொன்னையாவைத் திட்டினேன்.

அவர் ஹட்டனுக்குப் போய் றமணனைத் திட்டினார். நானும் கூடவே போயிருந்தேன்.

"நீங்க காட்டினதத்தானே தம்பி நான் செஞ்சேன்! எம்புள்ள நெருப்புல விழப் பாத்துச்சு!"

"அண்ணை, நான் ரெண்டு காட்டினன். நீங்கள் விரும்பினதை எடுத்துக்கொண்டு போனீங்கள்." றமணனுக்கும் கோபம்தான், ஆனால் குரலை உயர்த்தவில்லை. "இனி இந்தப் பெட்டியைப் பாத்தது காணும். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாலே மாடியிலே, வலிப்பு உள்ள ஆக்களுக்கும் வீட்டுக்காரருக்கும் உதவி செய்யிற இடம் ஒண்டு இருக்கு. அவையின்ரை நோட்டீஸ் நான்தான் அடிச்சுக் குடுக்கிறனான். புதன்கிழமையிலே தமிழ் தெரிஞ்ச நேர்ஸ் ஒராள் வருவா. காசு கேக்க மாட்டினம். மனிசியையும் கூட்டிக்கொண்டு போங்கோ, அவவோடைதான் கதைக்க வேணும்."

அந்தக் கடைசி வார்த்தை எனக்குச் சுருக்கென்றது. இத்தனை நாளும் ஊரெல்லாம் கேட்டோம், உலகத்தையே கேட்டோம். நாகலெட்சுமியிடம் உட்கார்ந்து ஒருவரும் கேட்கவில்லை.

புதன்கிழமை மூன்று பேரும் போனோம். என் வேலையை இன்னொருத்தி பார்த்துக்கொண்டாள். அந்த நேர்ஸ் பேர் ஊர்மிளா. மேசையைச் சுற்றி வந்து நாகலெட்சுமிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். பொன்னையா ஜன்னலுக்கும் கதவுக்கும் நடந்துகொண்டு, போயா, நிலா, இருட்டறை என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினார். ஊர்மிளா கேட்டுக்கொண்டார், சிரிக்கவில்லை. பிறகு நாகலெட்சுமியின் பக்கம் திரும்பினார்.

"குளிசை எப்பெப்பப் போடுறனீங்கள்?"

"மூணு வேளையும் போடுறேங்க மிஸ்."

"எந்த மூண்டு நேரம்? எத்தினை மணிக்கு?"

"மணியெல்லாம் பாக்குறதில்லீங்க. கொழுந்து நிறுக்கையில போடுவேன். காலை நிறுவைக்கு ஒண்ணு, பகலுக்கு ஒண்ணு, அந்திக்கு ஒண்ணு. மறக்காது பாருங்க."

"நல்லது. அப்ப வேலை இல்லாத நாளிலே?"

"ஞாயித்துக்கெழமையும் மலைக்குப் போவேங்க. அன்னைக்கும் நிறுவை உண்டு."

"லீவே இல்லையோ உங்களுக்கு?"

"போயாவுக்குத்தாங்க லீவு."

ஜன்னலோரம் நடந்துகொண்டிருந்த கால் நின்றுவிட்டது.

"போயா அண்டைக்குக் குளிசை?" ஊர்மிளா மெதுவாகத்தான் கேட்டார்.

நாகலெட்சுமி எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். "அன்னைக்குத்தான் நிறுவை இல்லீங்களே மிஸ். மலையில விழுந்துறக் கூடாதுன்னுதானே குடுத்தாங்க. வீட்டுல சும்மா இருக்குற அன்னைக்கு எதுக்குன்னு..."

பொன்னையா ஒரு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். முதுகைச் சாய்த்து, காலை நீட்டி, முழுசாக உட்கார்ந்தார். இத்தனை வருஷத்தில் அவர் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார்.

இதுதான் காரணம் என்று தன்னால் முடிவாகச் சொல்ல முடியாது, கிளினிக் டொக்டரிடம் இதை அப்படியே சொல்லுங்கள் என்றார் ஊர்மிளா. ஒரு நேரம் தவறினால் அடுத்த நேரத்தில் இரண்டாகச் சேர்த்துப் போட வேண்டாம் என்றார். வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வைக்கச் சொன்னார், கையில் இரும்பும் வேண்டாம், வாயில் கரண்டியும் வேண்டாம். ஐந்து நிமிஷத்துக்கு மேல் நிற்காவிட்டால் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். பிள்ளைக்குப் பால் கொடுக்கும்போது அடுப்பை விட்டுத் தள்ளி, தரையில் பாய் போட்டு உட்காருங்கள். "பிள்ளையை நீங்கள் வளக்கலாம்," என்று அவர் சொன்னபோது நாகலெட்சுமி வாய்விட்டு அழுதாள். டொக்டரும் பிறகு பார்த்துவிட்டு, அதே மாத்திரை, அதே அளவு, ஒரு நாளும் விடாமல் போட்டுப் பாருங்கள் என்றுதான் சொன்னார்.

காளியாயிக்கு டெலிபோனில் சொன்னோம். அவள் லேசில் நம்புகிறவளா? "போயாவுக்குப் புள்ளயோட வர்றேன். எங்கண்ணால பாக்குறேன். வந்துச்சுன்னா அடுத்த பஸ்ஸுலயே திரும்பிருவேன், பிறகு என்னயக் கேக்கக் கூடாது," என்றாள்.

அந்தப் போயா அன்று எங்கள் லயத்தில் ஒருவரும் கோயிலுக்குக்கூடப் போகவில்லை. காளியாயி வாசற்படியில் தனுஜாவை இடுப்பில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிள்ளை தாயைப் பார்த்துத் தாவியது, அவள் விடவில்லை. நாகலெட்சுமி அந்தப் பக்கம் பார்க்காமல் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். இல்லாத கல்லையெல்லாம் பொறுக்கினாள்.

காலையில் பொன்னையா முற்றத்தில் நின்று, மலையில் நிறுவைக்குக் கூப்பிடுகிற கணக்கப்பிள்ளை மாதிரி தொண்டையைத் திறந்து, "நிறுவை! நிறுவை!" என்று கத்தினார். லயமே சிரித்தது. நாகலெட்சுமி மாத்திரையை வாயில் போட்டாள். பகலிலும் கத்தினார். அப்போது யாரும் சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு அவரால் இருக்க முடியவில்லை. பைப்படிக்குப் போனார், வந்தார். விறகுக்குப் போனார், வெறுங்கையோடு வந்தார். மத்தியானம் தாண்டியதும், நிலா எந்தப் பக்கம் எழுகிறது என்று பார்க்கிறேன் என்று மேட்டு ரோட்டுக்குப் போனவர் திரும்பவே இல்லை.

மலையில் பனி இறங்கியது. வழக்கமாக அவள் விழுகிற நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. நாகலெட்சுமி சுளகில் அதே அரிசியைத் திரும்பத் திரும்பக் கிளறிக்கொண்டிருந்தாள். பயத்தில் அவளுக்கு மாத்திரை நினைவே இல்லை. நினைவூட்ட வேண்டியவர் நிலவைத் தேடிப் போயிருக்கிறார். நான் வாயைத் திறப்பதற்குள் வாசற்படியிலிருந்து பெரிய குரல் கேட்டது.

"அடியே நாகலெச்சுமி! என்னடி கல்லு பொறுக்குற? அந்தி நிறுவை நேரமாச்சு, மாத்திரையைப் போடு!"

நாகலெட்சுமி திடுக்கிட்டு மடியை அவிழ்த்தாள். காளியாயி அவள் தண்ணீர் குடித்து முடிக்கும் வரை கண்ணிமைக்காமல் பார்த்தாள். பொழுது அடங்கும் வரை இரண்டு பேரும் அசையவில்லை, நானும் அசையவில்லை. எதிர்மலை முகட்டில் வெளிச்சம் கிளம்பியது. நாகலெட்சுமி விழவில்லை. காளியாயி எழுந்து, சுவரில் சாத்தியிருந்த பாயை எடுத்து அடுப்புக்கு எட்டாத மூலையில் விரித்தாள்.

"தரையில ஒக்காரு. நல்லாச் சாஞ்சு ஒக்காரு. ம், இந்தா, புள்ளயப் புடி."

தனுஜா தாயின் மாரில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அப்போதுதான் மேட்டு ரோட்டிலிருந்து பொன்னையா மூச்சிரைக்க ஓடி வந்தார். "நிறுவை! நிறுவை!" என்று வழியெல்லாம் கத்திக்கொண்டே வந்தார்.

"எல்லாம் முடிஞ்சுதுடா," என்றாள் காளியாயி. "கத்தாத, புள்ள பால் குடிக்குது. நீயும் வந்து ஒக்காரு."